டாக்டர் பதில்கள்: பழைய ரத்த நோய் லுக்கேமியாவாக மாறும்போது

போன இதழில், ரத்தச் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும் பாலிசைதீமியா பற்றி எழுதியபோது, ‘சிலருக்கு இது பல வருடம் கழித்து லுக்கேமியாவாக, அதாவது ரத்தப் புற்றுநோயாக மாறலாம்’ என்று ஒரு வரி போட்டேன். அவ்வளவுதான், கடிதங்கள் குவிந்துவிட்டன. அந்த ஒரு வரியை விளக்காமல் விட்டது பலரின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது என்று தெரிகிறது, அதனால் இந்த இதழ் முழுக்க அதைப் பற்றித்தான். பெயர்கள் வேண்டாம் என்று பலர் கேட்டதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: டாக்டர், என் அப்பாவுக்கு 71 வயது. 13 வருடமாகப் பாலிசைதீமியா வேரா. அவ்வப்போது ரத்தம் எடுத்துவிடுவார்கள், அதோடு ரத்த அணுக்களைக் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையும் ஆஸ்பிரினும். நன்றாகத்தான் இருந்தார். போன வருடம் ரத்தம் எடுக்கத் தேவையில்லை என்றார்கள், சந்தோஷப்பட்டோம். அப்புறம் சோர்வு, எடை குறைவு, உடம்பில் அங்கங்கே நீலம் கட்டியது. இப்போது ஹீமோகுளோபின் 8, பிளேட்லெட் 40 ஆயிரம். எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையில் பிளாஸ்ட் எனப்படும் முதிராத அணுக்கள் 26 சதவீதம், வேகமாக முற்றும் அக்யூட் லுக்கேமியாவாக மாறிவிட்டது என்கிறார்கள். ‘வருடக்கணக்கில் அந்த மாத்திரையைக் கொடுத்து நீங்களே வரவழைத்துவிட்டீர்கள்’ என்று சித்தப்பா வீட்டுக்கு வந்து சத்தம் போடுகிறார். நாங்கள் எதையாவது தவறவிட்டோமா? இனி என்ன செய்வது?

பதில்: முதலில் சித்தப்பாவுக்குப் பதில் சொல்லிவிடுவோம், ஏனென்றால் உங்களை நோயைவிட அதிகமாக அதுதான் அரித்துக்கொண்டிருக்கிறது என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. அவர் சொல்வது முழுக்கக் கற்பனையில்லை, அதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1967-ல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வில் பாலிசைதீமியா நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ரத்தம் எடுப்பது மட்டும், இன்னொன்றுக்கு குளோராம்புசில் மாத்திரை, மூன்றாவதற்குக் கதிரியக்க பாஸ்பரஸ். பின்னிரண்டு பிரிவிலும் லுக்கேமியா கூடுதலாக வந்தது, அதிலும் குளோராம்புசில் மிக மோசம். அதனால்தான் அந்த மாத்திரையை இந்த நோய்க்கு இப்போது யாரும் எழுதுவதில்லை. ஹைட்ராக்ஸியூரியா அதற்குப் பின்னால் வந்த மருந்து. பழைய சந்தேகம் அதன் மேலும் ஒட்டிக்கொண்டது. ஆனால் பிறகு ஆயிரக்கணக்கான நோயாளிகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்ததில், அந்த மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு ஆபத்து கூடியதாகத் தெளிவாகத் தெரியவில்லை. முக்கியமான இன்னொன்று, அந்த 1967 ஆய்விலேயே ரத்தம் மட்டும் எடுத்துக்கொண்டு எந்த மாத்திரையும் தொடாதவர்களிலும் சிலருக்கு லுக்கேமியா வந்தது. மாறுவது இந்த நோயின் சுபாவத்திலேயே இருக்கிறது. அந்த மாத்திரை 13 வருடம் அப்பாவைப் பக்கவாதத்திலிருந்தும் மாரடைப்பிலிருந்தும் காப்பாற்றியிருக்க வாய்ப்பு அதிகம். சித்தப்பாவிடம் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சரி, ஏன் மாறுகிறது? எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்களை உண்டாக்கும் மூல செல் ஒன்றில் ஜாக்2 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் வருகிறது. 2005-ல்தான் இதைக் கண்டுபிடித்தார்கள், பாலிசைதீமியா உள்ளவர்களில் 95 சதவீதத்துக்கு மேல் இது இருக்கிறது. அந்த செல்லின் வாரிசுகள் வருடக்கணக்கில் பெருகும்போது சிலவற்றில் இரண்டாவது, மூன்றாவது மாற்றங்கள் சேர்கின்றன. டிபி53 என்ற மரபணு கெட்டால் நிலைமை குறிப்பாக மோசம். ஏதோ ஒரு கட்டத்தில் செல்கள் முதிர்வதை நிறுத்திவிட்டுப் பெருக மட்டுமே செய்கின்றன, அந்த முதிராத அணுக்கள்தான் ரிப்போர்ட்டில் வரும் பிளாஸ்ட். இதில் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிற ஒரு விஷயம் உண்டு. ஜாக்2 மாற்றம் இருந்த நோயாளிகள் லுக்கேமியாவுக்கு மாறும்போது, ஏறக்குறைய பாதிப் பேரின் லுக்கேமியா செல்களில் அந்த ஜாக்2 மாற்றமே இருப்பதில்லை! அதாவது பழைய நோய் முற்றிப்போய் இது வந்தது என்று நேர்கோடு போட முடியாது, பக்கத்திலேயே வேறொரு கிளை வளர்ந்திருக்கிறது. பழைய நோயை எவ்வளவு கட்டுப்பாட்டில் வைத்திருந்தாலும் இதைத் தடுத்திருக்க முடியும் என்று சொல்ல முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

தவறவிட்டீர்களா என்ற கேள்விக்கு வருகிறேன். மஜ்ஜையில் பிளாஸ்ட் 5 சதவீதத்துக்குக் கீழே இருப்பது இயல்பு. 10 முதல் 19 வரை வேகமெடுத்த நிலை, 20-ஐத் தொட்டால் அக்யூட் லுக்கேமியா. ஆனால் இந்த எண்களுக்கு முன்பே ரத்தப் பரிசோதனைத் தாள்களின் வரிசை ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும். எப்போதும் ரத்தம் அதிகமாக இருந்து எடுத்துவிட வேண்டியிருந்த ஒருவருக்குத் திடீரென்று எடுக்கத் தேவையில்லாமல் போவது, மாத்திரை அளவைக் கூட்டாமலேயே ஹீமோகுளோபினும் பிளேட்லெட்டும் இறங்கிக்கொண்டே வருவது, இதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் ‘கட்டுப்பட்டுவிட்டது’ என்று நிம்மதியடைவார்கள். மருந்தின் அளவு கூடிப்போனதாலும் அப்படி ஆகலாம், மஜ்ஜையில் நார் படிந்ததாலும் ஆகலாம், இந்த மாற்றத்தாலும் ஆகலாம். எது என்று பார்க்க வேண்டியது டாக்டரின் வேலை, உங்கள் வேலை இல்லை. ஒளிக்காமல் சொல்கிறேன், மூன்று மாதம் முன்னால் கண்டுபிடித்திருந்தாலும் அப்பாவின் வயதில் முடிவு பெரிதாக மாறியிருக்குமா என்பது சந்தேகம்தான். எனவே அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள்.

இனி. இப்படி மாறி வரும் லுக்கேமியா, புதிதாக வரும் லுக்கேமியாவைவிட மருந்துக்கு மசியாதது. ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை செய்யாதவர்களில் பாதிப் பேர் சுமார் 3 முதல் 6 மாதங்களுக்குள் இறந்துவிடுகிறார்கள். சிலர் அதைத் தாண்டி இருக்கிறார்கள், அதுவும் உண்மை. குணமாகும் வாய்ப்பு என்று ஒன்று இருந்தால் அது வேறொருவரின் ஸ்டெம் செல்லைப் பெற்றுச் செய்யும் மாற்று சிகிச்சைதான், அதற்கு முன்னால் கடுமையான கீமோதெரபியால் பிளாஸ்டைக் குறைக்க வேண்டும். 71 வயது என்பதால் மட்டும் கதவு மூடிவிடாது, ஆனால் இதயம், சிறுநீரகம், நடமாட்டம், பொருந்தும் கொடையாளர் எல்லாம் கைகொடுக்க வேண்டும். அது முடியாதவர்களுக்கு அஸாசிடிடின் அல்லது டெசிடபின் ஊசி, கூடவே வெனெடோகிளாக்ஸ் மாத்திரை. இதில் சிலருக்கு நல்ல மாதங்கள் கிடைக்கின்றன. ஐடிஎச்1, ஐடிஎச்2, எஃப்எல்டி3 மரபணுப் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள், அவற்றுக்குத் தனி மாத்திரைகள் உண்டு. மூன்றாவது வழி, ரத்தம் ஏற்றுவது, தொற்றுக்கு உடனே மருந்து, வலியும் மூச்சிரைப்பும் இல்லாமல் பார்த்துக்கொள்வது. இதைச் ‘சும்மா விட்டுவிடுவது’ என்று நினைக்காதீர்கள். ஆஸ்பத்திரிப் படுக்கையில் கழியும் நாட்கள் குறைவாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறவருக்கு இதுதான் சரியான சிகிச்சையாக இருக்கக்கூடும். டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: நீங்கள் சொல்லும் சிகிச்சை குணமாக்குவதற்கா, நாட்களைக் கூட்டுவதற்கா, கஷ்டத்தைக் குறைப்பதற்கா?

ஒன்று கேட்கட்டுமா? இவ்வளவு நீளக் கடிதத்தில் அப்பா என்ன சொல்கிறார் என்று ஒரு வரி கூட இல்லை. அவருக்குத் தெரியுமா? 13 வருடம் தன் நோயைத் தானே பார்த்துக்கொண்டவர் அவர். எல்லா எண்களையும் அவர் தலையில் கொட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. ‘எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் அப்பா’ என்று கேட்டுவிட்டு அவர் சொல்லும் அளவுக்குச் சொல்லுங்கள். முடிவு அவருடையது. அப்புறம், காய்ச்சல் 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் ராத்திரி எத்தனை மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், காலையில் பார்க்கலாம் என்று பாரசிட்டமால் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: என் கணவருக்கு 46 வயது, பிளேட்லெட் அளவுக்கு மீறிப் பெருகும் எசென்ஷியல் த்ராம்போசைதீமியா. பிளேட்லெட் 9 லட்சம். ஆஸ்பிரின் மட்டும்தான் கொடுக்கிறார்கள். உங்கள் பதிலைப் படித்ததிலிருந்து தினமும் ராத்திரி போனில் லுக்கேமியா பற்றியே படித்துக்கொண்டிருக்கிறார், என்னையும் தூங்கவிடுவதில்லை.

பதில்: போனை வாங்கி வைத்துவிடுங்கள். பாலிசைதீமியா வகையைச் சேர்ந்த ரத்த நோய்களிலேயே லுக்கேமியாவாக மாறும் வாய்ப்பு மிகக் குறைவானது இதுதான், 10 வருடத்தில் நூற்றில் சுமார் ஒருவருக்கு. பாலிசைதீமியாவில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல், நூற்றில் 2 முதல் 4. மஜ்ஜையில் நார் படியும் மைலோஃபைப்ரோசிஸில் 10 முதல் 20. எல்லாவற்றையும் ஒரே பெயரில் போட்டு எழுதுவதால் வரும் பயம் இது, இணையத்தில் படிப்பவர் தன் நோய் எது என்று பார்ப்பதற்குள் மோசமான எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்.

உங்கள் கணவர் உண்மையில் கவலைப்பட வேண்டியது ரத்தம் உறைவதைப் பற்றி. புகைக்கிறாரா? ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எப்படி? அதில்தான் அவர் கையில் செய்ய ஏதாவது இருக்கிறது. ஒரே ஒரு கேள்வி மட்டும் டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள், மஜ்ஜை பயாப்ஸி செய்து பார்த்தார்களா என்று. மைலோஃபைப்ரோசிஸின் ஆரம்பக் கட்டம் சில சமயம் இதே மாதிரி பிளேட்லெட் அதிகமாக மட்டும் காட்டிக்கொண்டு வரும், பயாப்ஸியில்தான் பிரித்துப் பார்க்க முடியும், இரண்டுக்கும் எதிர்காலம் வேறு.

கேள்வி: 58 வயது. மைலோஃபைப்ரோசிஸ், ருக்ஸோலிடினிப் சாப்பிடுகிறேன். போன வாரம் வந்த ரத்த ரிப்போர்ட்டில் ‘பிளாஸ்ட் 2%’ என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. எனக்கு லுக்கேமியா தொடங்கிவிட்டதா?

பதில்: தொடங்கிவிட்டது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தில் பிளாஸ்ட் தென்பட்டால் டாக்டரிடம் ஓட வேண்டும். ஆனால் மைலோஃபைப்ரோசிஸில் மஜ்ஜை முழுக்க நார் படிந்து இடமில்லாமல் போவதால் முதிராத அணுக்கள் ரத்தத்துக்குள் கசிகின்றன, மண்ணீரலும் தன் பங்குக்கு ரத்தம் உண்டாக்கப் பார்க்கிறது. ஒன்று இரண்டு சதவீதம் பிளாஸ்ட் இந்த நோயில் அடிக்கடி பார்க்கிற விஷயம். கம்ப்யூட்டருக்கு உங்கள் நோய் தெரியாது, பூஜ்யத்துக்கு மேல் எது வந்தாலும் சிவப்பில் அடிக்கும்.

நான் பார்ப்பது வரிசையை. கடந்த ஒரு வருட ரிப்போர்ட்டுகளைத் தேதிப்படி அடுக்குங்கள். 2, 1, 2, 3, 2 என்று போனால் ஒரு மாதிரி, 1, 3, 6, 9 என்று போனால் வேறு மாதிரி, இரண்டாவதில் மஜ்ஜைப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. அதோடு பிளேட்லெட் சரிகிறதா, மருந்தைக் குறைக்காமலேயே வெள்ளை அணுக்கள் ஏறுகின்றனவா, ராத்திரி வியர்வையும் காய்ச்சலும் புதிதாக வந்தனவா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒற்றை ரிப்போர்ட்டை வைத்து ஜோசியம் பார்க்காதீர்கள்.

ருக்ஸோலிடினிப் பற்றி. 2011-ல் இந்த நோய்க்கு அனுமதி கிடைத்த மருந்து. மண்ணீரலைச் சுருக்கும், அரிப்பும் வியர்வையும் குறையும், சாப்பிட முடியும், தூங்க முடியும். ஆனால் லுக்கேமியாவாக மாறுவதைத் தடுக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை, நன்றாக உணர்கிறேன் என்பதால் நோய் அங்கேயே நிற்கிறது என்று அர்த்தமில்லை. பயந்துபோய் நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், பழைய தொந்தரவுகள் எல்லாம் வேகமாகத் திரும்பி வரலாம்.

உங்கள் வயதுக்கு நான் இன்னொன்றை அழுத்திச் சொல்வேன். மாற்று சிகிச்சை செய்வதானால் அது லுக்கேமியாவாக மாறுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது, மாறிய பிறகு அதன் பலன் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஏஎஸ்எக்ஸ்எல்1, எஸ்ஆர்எஸ்எஃப்2, ஈஇசட்எச்2, ஐடிஎச் போன்ற மரபணு மாற்றங்கள் இருந்தால் ஆபத்து கூடுதல். அந்தப் பரிசோதனையைச் செய்து, ஆபத்து அதிகம் என்று வந்தால், உடம்பு நன்றாக இருக்கும்போதே மாற்று சிகிச்சை நிபுணரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பார்ப்பதாலேயே செய்துகொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை. பலர் ‘இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று தள்ளிப்போட்டுவிட்டு, தாமதமான பிறகு வருகிறார்கள்.

கேள்வி: 27 வயது, சி.எம்.எல். என்ற நாள்பட்ட லுக்கேமியா. இரண்டு வருடமாக இமாடினிப் மாத்திரை. ரிப்போர்ட் எல்லாம் நார்மல். மாத்திரை போட்டால் குமட்டுகிறது, அதனால் வாரத்தில் இரண்டு நாள் விட்டுவிடுகிறேன். எதுவும் ஆகவில்லை. பரவாயில்லைதானே?

பதில்: பரவாயில்லை இல்லை, தம்பி. கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். 1960-ல் இந்த நோயில் ஒரு குரோமோசோம் குட்டையாக இருப்பதைப் பார்த்தார்கள், 1973-ல் ஜேனட் ரௌலி என்ற விஞ்ஞானி அது 9-வது, 22-வது குரோமோசோம்களுக்கு இடையே துண்டுகள் இடம் மாறியதால் வந்தது என்று கண்டுபிடித்தார், அதிலிருந்து பிறந்த கோளாறான புரதத்தை அடக்கும் மாத்திரை 2001-ல் வந்தது. அதற்கு முன்னால் இந்த நோய் பெரும்பாலானவர்களுக்கு 3 முதல் 5 வருடத்தில் அக்யூட் லுக்கேமியாவாக வெடித்துவிடும். நீங்கள் வாரத்துக்கு இரண்டு நாள் விடுகிற அந்த மாத்திரைதான் இன்று உங்களை ‘நார்மல்’ என்று காட்டுகிறது.

ஏழில் இரண்டு நாள் விட்டால் நீங்கள் எடுப்பது 71 சதவீதம். 90 சதவீதத்துக்குக் கீழே போகிறவர்களுக்கு மருந்தின் பிடி தளர்கிறது என்று ஆய்விலேயே பார்த்திருக்கிறார்கள். மருந்து அரைகுறையாக இருக்கும்போது அதற்கு அடங்காத செல்கள் தலைதூக்க வசதியாகிவிடும். குமட்டலுக்கு வழி உண்டு, வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டோடு ஒரு பெரிய டம்ளர் தண்ணீருடன் போடுங்கள், அப்படியும் முடியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், அதே வேலையைச் செய்யும் வேறு மாத்திரைகள் இருக்கின்றன. அந்தக் கோளாறு ரத்தத்தில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அளக்கும் பிசிஆர்-ஏபிஎல் பரிசோதனையை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை செய்கிறீர்களா? ‘நார்மல்’ என்று நீங்கள் சொல்வது சாதாரண ரத்த எண்ணிக்கை என்றால் அது போதாது.

மாத்திரையை ஒரேயடியாக நிறுத்திப் பார்க்கும் முறையும் இருக்கிறது. பல வருடம் அந்தப் பரிசோதனையில் மிக ஆழமான பலன் தொடர்ந்தவர்கள், டாக்டரின் கண்காணிப்பில் நிறுத்தினால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்புவதில்லை. அந்த இடத்துக்குப் போக வேண்டுமானால் முதலில் இப்போது ஒழுங்காகச் சாப்பிட வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு எம்.டி.எஸ்., மஜ்ஜையில் ரத்த அணுக்கள் சரியாக உருவாகாத நோய் என்கிறார்கள். லுக்கேமியா இல்லை என்கிறார்கள். ஆனால் லுக்கேமியாவுக்குப் போடும் அஸாசிடிடின் ஊசியைத்தான் போடுகிறார்கள். இரண்டு மாதம் ஆகியும் ரத்த எண்ணிக்கை முன்பைவிடக் குறைந்திருக்கிறது. எங்களிடம் எதையோ மறைக்கிறார்களா?

பதில்: மறைக்கவில்லை. எம்.டி.எஸ். உள்ளவர்களில் சுமார் பத்தில் மூன்று பேருக்கு லுக்கேமியாவாக மாறுகிறது, ஆனால் அந்தச் சராசரி உங்கள் அம்மாவுக்குப் பொருந்துமா என்பது அவருடைய பிளாஸ்ட் அளவு, குரோமோசோம் மாற்றம், எத்தனை வகை அணுக்கள் குறைந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது. இதையெல்லாம் கூட்டி ஒரு மதிப்பெண் போடுவார்கள், அது என்ன என்று கேளுங்கள். ஆபத்து அதிகம் உள்ள பிரிவுக்குத்தான் இந்த ஊசி பெரும்பாலும் தரப்படுகிறது.

20 சதவீதம் என்ற கோடு மனிதர்கள் போட்டதுதான், 2001 வரை அது 30 ஆக இருந்தது. அன்றைக்கு 24 சதவீதம் பிளாஸ்ட் இருந்தவருக்கு எம்.டி.எஸ்., இன்றைக்கு அவருக்கு லுக்கேமியா, உடம்பு அதே உடம்புதான். எனவே கோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே ஊசி போடுவதில் ஆச்சரியம் இல்லை.

அஸாசிடிடின் மெதுவாக வேலை செய்யும். வழக்கமாக 28 நாளுக்கு ஒரு சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் 7 நாள் ஊசி. பலன் தெரிய 4 முதல் 6 சுற்று ஆகலாம், முதல் இரண்டில் எண்ணிக்கை இன்னும் இறங்குவது வழக்கம். இரண்டோடு நிறுத்திவிட்டுப் ‘பலனில்லை’ என்று போகிறவர்கள் உண்டு. இந்தக் காலத்தில் லுக்கேமியாவைவிடத் தொற்றும் ரத்தக்கசிவும்தான் உடனடி ஆபத்து, காய்ச்சல் பற்றி முதல் கடிதத்துக்குச் சொன்னது இங்கேயும் அப்படியே பொருந்தும்.

கேள்வி: அப்பாவுக்கு ஜாக்2 பாசிட்டிவ். எனக்கும் என் குழந்தைகளுக்கும் பரிசோதனை செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம். இந்த மாற்றம் கருமுட்டை வழியாகவோ விந்து வழியாகவோ வருவதில்லை, அவருடைய மஜ்ஜையில் பின்னால் வந்தது. பின்னால் என்றால் எவ்வளவு பின்னால் என்பது சுவாரசியம், சிலருக்குக் குழந்தைப் பருவத்திலேயே, ஏன், கருவில் இருக்கும்போதே அந்த முதல் மாற்றம் வந்து பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் இருந்திருக்கிறது என்று 2022-ல் வெளியான ஆய்வு காட்டியது. நெருங்கிய ரத்த சொந்தங்களுக்கு வாய்ப்பு மற்றவர்களைவிடச் சில மடங்கு கூடுதல்தான், ஆனால் நோயே அபூர்வம் என்பதால் உண்மையில் வருகிறவர்கள் மிகச் சிலரே. தொட்டாலோ ரத்தம் பட்டாலோ ஒட்டாது. உங்கள் சாதாரண ரத்தப் பரிசோதனையில் எண்ணிக்கை அசாதாரணமாக இருந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: லுக்கேமியாவாக மாறாமல் தடுக்கும் என்று ஒருவர் மூலிகைப் பொடி தருகிறார். மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடலாமா?

பதில்: மாறாமல் தடுக்கும் என்று நிரூபிக்கப்பட்ட பொடி எதுவும் கிடையாது. ருக்ஸோலிடினிப், இமாடினிப், வெனெடோகிளாக்ஸ் மூன்றையும் கல்லீரல் ஏறக்குறைய ஒரே வழியில் சிதைக்கிறது, சில மூலிகைகள் அந்த வழியை வேகப்படுத்தி மருந்தை வீணாக்கும், சில அடைத்து மருந்தை விஷ அளவுக்கு ஏற்றிவிடும். அப்புறம் எண்ணிக்கை இறங்கினால் அது நோயா, மருந்தா, பொடியா என்று எங்களுக்கே புரியாது. ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் திட்டுவார் என்று பயந்து மறைக்காமல், அடுத்த முறை போகும்போது அந்த டப்பாவையே எடுத்துக்கொண்டு போய் டாக்டரின் மேஜையில் வையுங்கள்.